பேச்சி என்று பெயர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா?

கேள்வி: பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குலசாமி பேச்சியம்மன், மாமியார் பெயரும் அதுதான். "பேச்சியம்மாள்னு வைக்கலேன்னா சாமிக் குத்தமாயிரும்" என்கிறார். கேலி செய்வார்களே என்று கணவர் தயங்குகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: பிள்ளைப்பேற்றையும் பச்சைக் குழந்தையையும் காக்கிற சாமி பேச்சி. மதுரை சிம்மக்கல் பக்கம் வைகைக் கரையில் இருக்கும் பேச்சியம்மன் கோயிலில், பேச்சு வராத பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்வோர் உண்டு. பொருளில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் ஒலியில்தான். கொஞ்சம் இழுத்தால் 'பேய்ச்சி' ஆகிவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது போதும். உங்கள் ஊர்ப் பள்ளியில் இன்னும் இரண்டு பேச்சி இருந்தால் கேலி எடுபடாது. சென்னையிலோ பெங்களூரிலோ வகுப்புக்கே ஒருத்தியாக நின்றால் எடுபடும். ஆகவே குழந்தை எங்கே வளரப்போகிறாள் என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அப்பத்தா பெயரையே வைத்தால் அதைச் சொல்லிக் கூப்பிட உங்களுக்கே நாக்குக் கூசும், திட்டுவது அதைவிடக் கஷ்டம். பேத்தி என்றாலே பெயரைத் தாங்குகிறவள்தான். ஆனாலும் அந்தப் பெயர் தொட்டிலோடு நின்று, வீட்டில் 'பாப்பா' என்பதே நிலைத்துவிடும்.

எங்கள் யோசனை: தொட்டிலில் போட்டு மூன்று தடவை காதில் சொல்லும் பெயர் பேச்சியம்மாளாகவே இருக்கட்டும். குலசாமி கோயிலில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தும்போதும் அதையே சொல்லுங்கள். பதிவுக்குத் தேன்மொழி என்றோ வாணி என்றோ கொடுக்கலாம். இரண்டுமே பேச்சைக் குறிப்பவைதான்; மாமியாரிடம் விளக்கவும் முகாந்திரம் இருக்கிறது. சமாதானத்துக்காக 'பேச்சியம்மாள் தன்ஷிகா' என்று இரண்டையும் சேர்த்துப் பதிந்துவிடாதீர்கள். பள்ளியில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் இரண்டும் என்று ஆகி, பிற்பாடு அலைகிறவள் அந்தப் பிள்ளைதான்.

கேள்வி: மகன் அஸ்தம் மூன்றாம் பாதம். 'ண'வில் பெயர் வைக்க வேண்டும் என்கிறார் ஜோசியர். அப்படிப் பெயர் இருக்கிறதா?
– வாசகர், மேலூர்

பதில்: தமிழில் கிடையாது, 'ண' சொல்லுக்கு முதலில் வராது. அந்த எழுத்து அட்டவணை வடமொழி வழி வந்தது. திருவாதிரை மூன்றாம் பாதக்காரர்களுக்கு 'ங'. அவர்கள் பாடு இன்னும் மோசம்! அஸ்தத்துக்கு உரிய பு, ஷ, ண, ட நான்கில் தமிழுக்கு வசதியானது 'பு' ஒன்றே. புகழேந்தி, புவியரசன் என்று அதே நட்சத்திரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் சிவன் பெயர் வேண்டும் என்கிறார்கள், மனைவி வீட்டில் அழகர் பெயர். இரண்டு பக்கமும் ஒப்புகிற மாதிரி சொல்லுங்கள்.
– வாசகர், திருமங்கலம்

பதில்: சுந்தரம். மீனாட்சியை மணந்தவர் சுந்தரேசுவரர். அழகர்கோவில் உற்சவர் சுந்தரராஜப் பெருமாள். பெண் குழந்தை என்றால் சுந்தரவல்லி, அது தாயார் பெயர்.

கேள்வி: பெயர் முடிவாகாமல் பிறப்பை மட்டும் பதிந்திருக்கிறோம். எவ்வளவு நாள் அவகாசம்?
– வாசகி, மதுரை

பதில்: 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை. அவகாசம் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஒரு பெயரைச் சேர்த்தபின் மனம் மாறினால் பதிவேட்டில் வேறு பெயர் போட முடியாது. 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம் என்பதால் ஆங்கில எழுத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். மீனாட்சி என்றால் நடுவில் 'கே எஸ் ஹெச்' போடுவார்கள், 'டி சி ஹெச்' என்றும் போடுவார்கள். யாழினியில் 'ழ'வுக்கு 'இசட் ஹெச்' போட்டால் வடக்கே 'யாஸினி' என்று படிப்பார்கள். அதற்குச் சம்மதம் என்றால் போடுங்கள். பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அச்சாகும் முன் திரையில் ஒவ்வொரு எழுத்தாக நீங்களே சரிபாருங்கள். அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் பிழை வரத்தான் செய்யும்.