காதா சொல்லிப் பழக்கத்தை மாற்ற முடியுமா? கேள்வி பதில்

கேள்வி: காதா என்றால் மந்திரமா அக்கா?

பதில்: மந்திரம் இல்லை. ஒரு வேலையில் கை வைக்கும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்ளும் நாலு வரிப் பாட்டு. ஒரு வரிக்கு மூச்சு உள்ளே, அடுத்த வரிக்கு வெளியே. வியட்நாம் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் 16 வயதில் ஹுவே நகரத்து மடத்தில் சேர்ந்தபோது, 17ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஒருவர் தொகுத்த சின்னப் புத்தகத்தைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். கண்விழிக்க, உடை உடுத்த, கை கழுவ, கழிப்பறைக்குப் போகக்கூட அதில் பாட்டு உண்டு. 1982இல் பிரான்சில் பிளம் வில்லேஜ் மடத்தைத் தொடங்கிய அவர், தொலைபேசிக்கும் காருக்கும் தானே புதிதாக எழுதினார்.

கேள்வி: போனை எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இதற்கு உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். போன் அடித்ததும் பாய்ந்து எடுக்காமல், முதல் இரண்டு முறை மணி அடிக்கும்போது மூச்சைக் கவனித்து, மூன்றாவது முறை அடிக்கும்போது எடுக்கத்தான் பிளம் வில்லேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள். திரை விரிந்த பிறகு மனசைப் பிடிப்பது கஷ்டம். அதனால் விரல் போனில் பட்டதுமே, திரை கறுப்பாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது இது:

கையில் போன், உள்ளே மூச்சு.
எதற்கு எடுத்தேன், அறிவேன்.
அந்த வேலை முடிந்ததும் வைப்பேன்.
எதிரே இருப்பவர் முகம் பார்ப்பேன்.

இரண்டாம் வரிக்குப் பதில் இல்லையென்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ‘தொடவே மாட்டேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். மனசு அந்த வரியோடு மல்லுக்கு நிற்கும்.

கேள்வி: நான் பௌத்தர் இல்லையே?

பதில்: தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி: கொஞ்ச நாளில் வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. வாய் சொல்கிறது, மனசு எங்கோ போகிறது.

பதில்: மூச்சை விட்டுவிட்டு வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் ஒட்டவில்லையா, உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: பிள்ளைகளிடம் கத்திவிடுகிறேன். அந்த நேரத்தில் பாட்டு ஞாபகமே வருவதில்லை.

பதில்: கோபம் தலைக்கேறிய பிறகு வராதுதான். முன்னாலேயே சொல்லுங்கள். வேலை விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்களே, அங்கே நின்று நாலு வரியும் முடிந்த பிறகு உள்ளே போங்கள். கத்துவது எந்த நேரத்தில் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஹோம்வொர்க் நேரமென்றால் நோட்டைத் திறக்கும் முன் இன்னொரு முறை. கை நீட்டும் அளவுக்குப் போகிறதென்றால் பாட்டு மட்டும் போதாது அம்மா, மனநல ஆலோசகரையும் பாருங்கள்.