ஜிக்குக்கு எந்த அளவு காந்தம்?

பெங்களூரு பீன்யாவில் சிறிய பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டிரில்லிங் மெஷின் டேபிளில் வைக்க பிளைவுட்டில் ஒரு ஃபென்ஸ் ஜிக், அதாவது துண்டை ஒட்டி நிறுத்தும் தடுப்புக் கட்டை, செய்தேன். அடியில் 10 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனத்தில் நாலு நியோடிமியம் காந்தங்கள், மேற்பரப்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே. வேலைத்துண்டை வைத்து அழுத்தினாலே நகர்ந்துவிடுகிறது. என்52 கிரேடு (அதிக வலிமையுள்ள தரம்) வாங்கினால் நிற்குமா?"

கிரேடை மாற்றினால் மட்டும் நிற்காது. ஒரே அளவில் என்35-ஐவிட என்52 சுமார் ஒன்றரை மடங்குதான் பிடிக்கும். விட்டம், கனம் இரண்டையும் இரட்டித்தாலோ பிடி நாலு மடங்காகும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். அந்த அளவுக் காந்தம் ஒன்று, கனமான இரும்பில் நேராக ஒட்டியிருந்தால், சுமார் 1.8 கிலோ இழுவையைத் தாங்கும். நாலும் சேர்ந்து ஏழு கிலோ. ஆனால் அது செங்குத்தாகப் பிய்த்தெடுக்கும் விசை. பக்கவாட்டில் தள்ளும்போது வெறும் உராய்வுதான் தடுக்கிறது. வழவழப்பான டேபிளில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். ஆக ஒன்றரை கிலோ. அந்த 1 மி.மீ. இடைவெளி அதையும் ஏறக்குறைய பாதியாக்கிவிடும். விரலால் தள்ளினாலே நகரத்தானே செய்யும்?

இந்த வேலைக்கு நான் சொல்வது 25 மி.மீ. பாட் மேக்னட் இரண்டு, ஃபென்ஸின் இரு முனைகளிலும். இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் நியோடிமியம் இது. கிண்ணம் காந்தப்புலத்தை ஒரே முகத்தில் குவிப்பதால் ஒன்றுக்கு 15 கிலோ பக்கம் இழுவை கிடைக்கும். ஆனால் அந்தப் பிடி வெகு தூரம் எட்டாது. இடைவெளி இருந்தால் சட்டென்று விழுந்துவிடும். அதனால் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியுள்ள குழி போடும் பிட்) குழி போட்டு, அடியில் காகிதத் துண்டுகள் கொடுத்து உயரம் சரிபார்த்து, முகம் பிளைவுட்டோடு சமமாக வரும்படி ஸ்க்ரூவில் பிடியுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஓட்டை இல்லாததை வாங்கித் துளை போடப் போகாதீர்கள். நியோடிமியம் நொறுங்கும், அதன் தூள் எளிதில் தீப்பற்றும்.

இதற்கு மேலும் பக்கவாட்டுப் பிடி வேண்டுமென்றால் காந்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். டேபிளில் டி-ஸ்லாட் (T வடிவ நீளப் பள்ளம்) இருந்தால், அதில் இறுக்கமாக உட்காரும் ஒரு மரக்கட்டையை ஃபென்ஸின் அடியில் திருகிவிடுங்கள். தள்ளும் விசையை அந்தக் கட்டை வாங்கிக்கொள்ளும். காந்தம் ஃபென்ஸை மேலே எழும்பாமல் பிடித்தால் போதும். அப்புறம், கழற்றும்போது விரல் நுழைய ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விடுங்கள். முப்பது கிலோ பிடியை வெறும் கையால் பிய்க்க முடியாது, நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது கடையிலுள்ள மெல்லிய தகட்டில் ஒட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1 மி.மீ. தகடு இவ்வளவு பெரிய காந்தத்தின் புலத்தை முழுதாக ஏந்தாது, பிடி குறைவாகவே தெரியும். 10 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். வெல்டிங் ஃபிக்ஸருக்கும் (பற்றவைக்கும்போது துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) இதையே பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண கிரேடு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதெல்லாம் ஃபென்ஸுக்குத்தான். துளைபோடும் துண்டை எப்போதும் வைஸிலோ கிளாம்பிலோதான் பிடிக்க வேண்டும். பிட் சிக்கினால் துண்டு சுழன்று கையைக் கிழித்துவிடும். அந்தச் சுழற்சியைக் காந்தத்தை நம்பி விடாதீர்கள்.