செம்மண்ணில் இரும்புப் பஞ்சமா?

கேள்வி: கல்லல் பக்கம் செம்மண் நிலம். புழுதியில் நெல் விதைத்து 25 நாள். மழை ஏமாற்றிவிட்டது, போர்த் தண்ணீர்தான். குருத்து வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. கடையில் சொன்னபடி ஏக்கருக்கு 10 கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட்) தூவினேன். பயிர் அசையவில்லை. இன்னும் எத்தனை கிலோ போடலாம்?

பதில்: ஒரு கிலோகூட வேண்டாம் ஐயா. இரும்புக் குறைதான், கடைக்காரர் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு, மருந்தை மண்ணில் கொட்ட வைத்துவிட்டார்.

உங்கள் மண் சிவப்பதே இரும்பால்தான். அது ஆக்சிஜனேற்ற எண் +3 உள்ள, அதாவது மூன்று எலக்ட்ரானை இழந்த இரும்பு. ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பும் அதே வகை. வருஷக்கணக்கில் ஈரத்துணியால் துடைக்கிறோம், கரைகிறதா? கரைவது +2 இரும்பு. நெல் வேருக்கும் அதுதான் தோது. அன்னபேதியில் இருப்பது +2. காற்றோட்டமான புழுதியில் விழுந்ததும் ஆக்சிஜனிடம் ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்து +3 ஆகிவிடும். குடத்தில் வெள்ளை படியவைக்கும் போர்த் தண்ணீர் என்றால் இன்னும் வேகமாக.

மிச்சப் பையை வெயிலில் பிரித்துப் பாருங்கள். நல்ல அன்னபேதி வெளிர்பச்சைப் படிகம். மேலே பழுப்புத் தூள் பூத்திருந்தால் துருவுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். வாய் கட்டாத பழைய மூட்டையை அள்ளிக் கொடுக்கும் கடைகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன். நிறம் பார்க்காமல் வாங்காதீர்கள். பளபளக்கும் நுண்ணூட்டப் பாக்கெட்டைத் தலையில் கட்டினாலும் வேண்டாம்.

10 லிட்டர் மழைநீர் அல்லது கண்மாய்த் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 50 கிராம் பச்சை அன்னபேதி. கரைத்த கையோடு சாயங்காலம் இலையில் அடியுங்கள். பத்து நாள் விட்டு மறுபடி. மீந்ததை நாளைக்கு வைத்தால் பழுப்பாகிவிடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, வயலில் தண்ணீர் எப்போது நிற்கும் என்பதை. நின்றால் மண்ணில் ஆக்சிஜன் தீரும். நுண்ணுயிர்கள் எலக்ட்ரானை முதலில் நைட்ரேட்டிடமும், பிறகு மாங்கனீசிடமும், அப்புறம் +3 இரும்பிடமும் தள்ளும். +2 கரைந்து வரும், குருத்து தானே பச்சையாகும். அப்போது ஒரு தூரைப் பிடுங்குங்கள். வேரில் துருப்பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். வேர் கசியவிட்ட ஆக்சிஜன் வேலை அது. கறுத்து அழுகிய முட்டை நாறினால் கந்தகமும் எலக்ட்ரானை வாங்கி -2 வரை இறங்கி, வேரைக் கெடுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆகிவிட்டது, தண்ணீரை வடியுங்கள்.

யூரியாவை இப்போது புழுதியில் போடாதீர்கள். நைட்ரேட்டாகி, அதிலுள்ள நைட்ரஜன் +5-இல் உட்கார்ந்திருக்கும்; கண்மாய் திறந்து தண்ணீர் நின்றதும் நுண்ணுயிர்கள் தள்ளும் எலக்ட்ரானை வாங்கிப் பூஜ்யமாகி, வெறும் நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும்.