மானியத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தால் முன்னேறிவிட மாட்டார்களா?

இப்படிக் கேட்கும் நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த் பாகான் டாலாமில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறேன். எங்களுக்கு எல்லாமே எண்ணெய்தான். மானிய எண்ணெய் ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, மீதியை அரசாங்கம் ஏற்கிறது. ஆனால் அது வீட்டுச் சமையலுக்கு மட்டுமாம். என் அடுப்பில் காலையில் பிள்ளைக்குத் தோசை, அப்புறம் முறுக்கு. நான் எந்தக் கணக்கில் சேர்த்தி? மாதம் 60,000 டன், அதாவது ஆறு கோடி பாக்கெட் மானியத்தில் வருகிறது. நாட்டு ஜனத்தொகை மூன்றரைக் கோடிகூட இல்லை. அப்படியும் தீபாவளி நெருங்கினால் எங்கள் சாமான் கடையில் ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான். விலையில் அவ்வளவு வித்தியாசம் வைத்தால் எண்ணெய் உணவகத்துக்கும் போகும், எல்லையும் தாண்டும்.

நாங்கள் மானியம் இல்லாத 17 கிலோ டின்னுக்குப் போக வேண்டியதுதான். வாங்க வருபவர்களோ பாக்கெட் விலையை மனத்தில் வைத்துத்தான் முறுக்குக்குப் பேரம் பேசுகிறார்கள்.

ஒரு வருஷம் டின் வாங்கக் கடன் எடுத்தேன். ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் இல்லை, உரிமம் உள்ள இடத்தில்தான். ஈடு இல்லாத கடனுக்கு வருஷ வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பத்திரத்திலும் அப்படித்தான் இருந்தது. “அக்கா, இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்” என்றான் அந்தப் பையன். 3,000 வெள்ளிக்குக் கையெழுத்து, கையில் எண்ணிக் கொடுத்தது 2,400. கேட்டால் முன்பணம், பத்திரச் செலவு. என்னிடம் முறுக்கு எடுத்த மளிகைக்காரர் பொங்கல் பானை இறக்கும்போதுதான் காசைக் கண்ணில் காட்டினார். தவணை அதுவரை சும்மா இருக்குமா? என் காப்பு அடகுக் கடைக்குப் போனது.

அரசாங்கக் கடன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் அரசாங்க அமைப்பான தெக்குனில் இந்தியர்களுக்கு ஸ்பூமி என்ற கடன் திட்டம், சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரில் நம் இந்தியப் பெண்களுக்கென்றே 2024-இல் வந்த ‘பெண்’ திட்டம். குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கடன் வாங்கித்தான் மாவு மெஷின் போட்டார், அது வருஷம் முழுக்க உழைத்துத் தன் தவணையைத் தானே கட்டுகிறது. எண்ணெய் அப்படியா? ஒரு சீசனில் காய்ந்து தீர்ந்துவிடும், கடன் மட்டும் நிற்கும். மெஷினுக்குக் கடன் கொடுங்கள், நல்லது. எண்ணெய் விலை ஏறியதைக் கடன் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

உடனே “ஓசியில் வாங்கிப் பழகிவிட்டீர்கள்” என்று சிலர் கிளம்புவார்கள். மானியம் என்றைக்கும் வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? எடுப்பதானால் எங்களை மாதிரி வீட்டில் சுடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லிவிட்டு எடுங்கள்.

இதில் தீபாவளிச் சந்தைக் கூத்து வேறு. கடை போடும் இடம் (லோட்) ஒருத்தர் பெயரில், கடை போடுவது இன்னொருத்தர், நடுவில் உட்கார்ந்து வாடகை தின்பவர் மூன்றாவது ஆள். அதைப் பற்றியும் ஒரு கேள்வி போடுங்கள், இதைவிட நீளமாகவே எழுதுகிறேன்.