கோதுமை ஒத்துக்கலைன்னு தோணுது, சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணணும்?

சப்பாத்தி சாப்பிட்டாலே வயிறு உப்பிக்குது, அடுத்த மாசத்துல இருந்து கோதுமையை அடியோட நிறுத்தப் போறேன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு நிறுத்துறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி டிடிஜி ஐஜிஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. சீலியாக் நோய் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் அது, கோதுமை, பார்லில இருக்குற குளூட்டன்ங்கிற புரதம் ஒத்துக்காம சிறுகுடல் பாதிக்கப்படுற நோய்தான் சீலியாக். கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தாதான் சரியா காட்டும், நிறுத்திட்டு எடுத்தா நோய் இருந்தாலும் நார்மல்னு வந்துடலாம்.

நான் இது தெரியாம நானாவே ரெண்டு மாசம் நிறுத்திட்டு அப்புறமா டாக்டர்கிட்ட போனேன், அவர் மறுபடியும் தினமும் சப்பாத்தி சாப்பிட்டுட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னுட்டார். அந்த ஆறு வாரமும் வயித்து வலியோடயே வேலைக்குப் போய்ட்டு வந்தேன், அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேணாம். கடைசில ரத்த டெஸ்ட்டும் பாசிட்டிவ், எண்டோஸ்கோபில சிறுகுடல் சதையை எடுத்துப் பாத்தும் அதேதான். பல வருஷமா இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாததுக்குக் காரணம் அப்பதான் புரிஞ்சது. உங்களுக்கு சீலியாக் இல்லைன்னு வந்துட்டா ரொம்ப நிம்மதி, கீழ சொல்ற அளவுக்குக் கறாரா இருக்கத் தேவையிருக்காது.

சீலியாக்னா சமையக்கட்டை மாத்தணும். இட்லி, தோசை, சோறு, பொங்கல் இதெல்லாம் பிரச்சனை இல்ல, ரவை, சேமியா, மைதா மூணும் கோதுமைதான்னு நினைவு வச்சுக்கோங்க. பார்லியும் கூடாது. ஆனா நான் மாட்டிக்கிட்டது பெருங்காயத்துல! கடைல விக்கிற பெருங்காயத்தூள்ல மாவு கலந்திருக்கும், நிறைய பிராண்டுல அது கோதுமை மாவு இல்லன்னா மைதா. சாம்பார், ரசம், மோர்னு மூணு வேளையும் போட்டுட்டு ஏன் இன்னும் சரியாகலைன்னு அழுதிருக்கேன். அரிசி மாவு கலந்ததும் கிடைக்குது, டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்தைப் படிச்சுட்டு வாங்குங்க.

அப்புறம் மாவு மில். முன்னாடி ஆள் கோதுமை அரைச்ச மிஷின்லயே நம்ம அரிசியையும் போட்டா அது கலந்துதான் வரும், நான் இப்போ அரிசியைக் காயவச்சு வீட்டு மிக்ஸிலயே அரைச்சுக்குறேன். வீட்ல மத்தவங்க சப்பாத்தி சாப்பிட்டா தோசைக்கல்லு தனியா வச்சுக்கோங்க.

உறுதியாச்சுன்னா அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. என் தங்கச்சி தனக்கு ஒண்ணுமே இல்லன்னுதான் சொல்லிட்டு இருந்தா, அவளுக்கும் பாசிட்டிவ்.