வெள்ளெழுத்து வந்தபின் ஸ்கேல் மாடல் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: வயது 46. 1/72 விமானத்தில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு) காக்பிட் டயல்களுக்கு பெயின்ட் வைக்கும்போது எல்லாம் கலங்கித் தெரிகிறது. தள்ளிப் பிடித்தால் கலங்கல் போகிறது, ஆனால் டயலே தெரியமாட்டேன் என்கிறது. எந்த லூப் (உருப்பெருக்கும் லென்ஸ்) வாங்கலாம்?

லூப் அப்புறம். உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து மாதிரிதான் இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்துகொடுக்க வேண்டும், நாற்பதைத் தாண்டினால் அது விறைத்துப்போய் முரண்டு பிடிக்கும், எல்லோருக்கும் வருவதுதான். நீங்கள் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து மாடலைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கும் மாடலுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணோடு கண் பரிசோதனைக்குப் போங்கள். படிக்க எழுதித் தரும் கண்ணாடி பெரும்பாலும் 40 செ.மீ. தூரத்துக்கானது, நம் வேலை 25, 30-ல் நடக்கிறது. 100-ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் வருவது பவர்: 40-க்கு 2.5, 25-க்கு 4. தூரப்பார்வைக்கு ஏற்கெனவே பவர் இருந்தால் அதையும், லென்ஸில் மிச்சமிருக்கும் நெகிழ்வையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எத்தனையோ பேர் இந்த ஒரு அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கண்ணாடி சரியில்லை என்று நொந்துகொள்கிறார்கள்.

கேள்வி: புரோக்ரெசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) போட்டிருக்கிறேன். அரை மணி நேரம் வேலை செய்தால் கழுத்து விட்டுப்போகிறது.

கிட்டப்பார்வைப் பகுதி அதில் அடியில் குறுகலாக இருக்கும், அதன் வழியாகப் பார்க்க நீங்கள் மோவாயைத் தூக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். மேசைக்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மாடலையும் மடியில் வைக்காமல், ஒரு மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள்.

கேள்வி: தலையில் மாட்டும் லூப் 3.5 மடங்கில் வாங்கினேன். பிரஷ் லென்ஸில் இடிக்கிறது, தலையை லேசாக அசைத்தாலே படம் போய்விடுகிறது.

பெரிதாக்கும் அளவு கூடக்கூட தூரம் குறையும், தெரியும் பரப்பு சுருங்கும், ஃபோகஸ் நிற்கும் ஆழமும் மெலிந்துவிடும். நாம் வழக்கமாக வாங்கும் ஹெட்பேண்ட் வகையில் 1.75 மடங்குக்குச் சுமார் 35 செ.மீ. தூரம் கிடைக்கும், 2.5-க்கு 20, 3.5-க்கு 10 தான். பத்து சென்டிமீட்டருக்குள் மூக்கு, பிரஷ், கை மூன்றும் எங்கே போகும்? அன்றாட வேலைக்கு 1.75, நுணுக்கத்துக்கு 2.5 போதும். 3.5-ஐ வேலை முடிந்தபின் மேற்பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முக்கியம்: லூப் மாட்டினால் முகம் சூப்பர் குளூவுக்கு மிக அருகில் போகிறது, அதன் ஆவி கண்ணை எரிக்கும், ஒட்டும் நேரத்தில் ஃபேன் வைத்து ஆவியை வெளியே தள்ளுங்கள். வேலை முடிந்ததும் லென்ஸை மூடி வையுங்கள், வெயில் அதன் வழியாக ஒரே புள்ளியில் குவிந்தால் தீப்பிடிக்கும்.

கேள்வி: வயது 63. கருநீலமும் கருப்பும் ஒன்றாகவே தெரிகின்றன. கண்ணாடி புதுசுதான்.

ஐயா, இது பெரும்பாலும் வெளிச்சத்தின் பிரச்சினை. வயதாக ஆகக் கண்மணி சிறுத்துவிடுகிறது, லென்ஸும் மஞ்சளித்துப் போகிறது. இருபது வயதில் விழித்திரையைத் தொட்ட வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேர்கிறது. மஞ்சளித்த லென்ஸ் முதலில் விழுங்குவது நீலத்தைத்தான். பெட்டியில் நிறத்தரக் குறியீடு (CRI, நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 90-க்கு மேல் போட்டிருக்கும் எல்இடி விளக்குகள் இரண்டு வாங்கி, 5000 கெல்வின் அளவில் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை), இரு பக்கமும் வையுங்கள். கண்ணில் நேராகப் படவே கூடாது. சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த இறக்கையில் பேனல் கோடு (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக்கோடு) தெரியவில்லையா, ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதை மேசை மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். கோட்டுக்குள் நிழல் விழும், ரிவெட் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும், தேய்த்ததில் மிச்சமான கீறலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எந்த லூப்பும் இதைக் காட்டாது. இவ்வளவு செய்தும் நிறம் பிரியவில்லை என்றால் கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கண்புரை ஆபரேஷன் அடுத்த மாதம். டாக்டரிடம் என்ன கேட்கவேண்டும்?

என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை லென்ஸ் தேர்வு செய்யும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்தால் மாடல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் ஃபோகஸ் ஆகும். தூரத்தைத் தேர்ந்தெடுத்தால் மேசைக்குக் கண்ணாடி வேண்டும், கிட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வெளியே போகக் கண்ணாடி வேண்டும். அப்புறம், பாதியில் நிற்கும் மாடலுக்கு எந்த பெயின்ட், எத்தனை பங்கு கலந்தீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். ஆபரேஷனுக்குப் பின் நீலமும் வெள்ளையும் பளிச்சென்று மாறும், கண்ணளவில் கலந்தால் பழைய நிறத்தோடு சேராது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை உப்புத்தாளில் தேய்ப்பதும் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம்.

கேள்வி: ஒரு கண்ணில்தான் பார்வை. பிரஷ் நுனி மாடலுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது, இல்லை குத்திவிடுகிறது.

ஆழம் காட்டும் வேலையை விரலிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, பிரஷ் பிடித்த கையின் சுண்டுவிரலை மாடல் பிடியில் ஊன்றுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் பிரஷ்ஷின் நிழல் மாடல் மேல் விழும், நுனியும் நிழலும் சந்திக்கும் இடம்தான் தொடும் இடம்.

கேள்வி: 1/72-ஐ விட்டு 1/48-க்குப் போகலாமா? தோற்றுப்போனதுபோல மனசுக்கு இருக்கிறது.

தாராளமாகப் போங்கள். எல்லாம் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது, காக்பிட்டில் வண்ணம் வைக்க இடம் கிடைக்கிறது. சந்தோஷமாகச் செய்கிற மாடல்தான் முடியும்.

கேள்வி: நேரான ஸ்ப்ரூ (மாடல் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரு கண்ணில் மட்டும் வளைந்து தெரிகிறது. எந்த லூப்?

எதுவும் வாங்காதீர்கள். நேர்கோடு வளைவது விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு என்பதற்கு அடையாளமாக இருக்கலாம், கூடிய சீக்கிரம், முடிந்தால் நாளைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். திடீரென மின்னல் வெட்டுவதுபோல ஒளி, புதிதாக நிறையக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவதுபோல இருட்டு, இவற்றில் ஒன்று வந்தாலும் நாளை வரை காத்திருக்கவேண்டாம், அந்த நிமிடமே கிளம்புங்கள்.