முட்டை வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

பெட்டியில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தால் தரமான முட்டை என்று நம்பலாமா? (கும்பகோணம்)

அவசரப்படாதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம். அதன் 14 இலக்க எண், பேக் செய்தவர் உரிமமோ பதிவோ வாங்கியிருக்கிறார் என்பதைத்தான் சொல்லும். ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது என்று தெரியும், அவ்வளவே. தரப்பிரிப்புக்கு அக்மார்க் என்ற அரசு முத்திரை தனியாக இருக்கிறது. 1937-ம் ஆண்டு வேளாண் விளைபொருள் தரப்பிரிப்புச் சட்டத்தின்கீழ் வருவது, முட்டைக்குக் கட்டாயமில்லை. எடைப்படி 60 கிராமும் அதற்கு மேலும் எக்ஸ்ட்ரா லார்ஜ், 53–59 லார்ஜ், 45–52 மீடியம், 38–44 ஸ்மால். அதோடு ஓடு, உள்ளே இருக்கும் காற்றறை, வெள்ளைக் கரு, மஞ்சள் கருவின் நிலை எல்லாம் பார்த்து ஏ, பி என்று பிரிப்பார்கள். 'ஃபார்ம் ஃப்ரெஷ்', 'ப்ரீமியம்' போன்றவை இந்தத் தரப்பிரிவில் வராத, வெறும் விளம்பரச் சொற்கள். நான் முதலில் தேடுவது பேக் செய்த தேதியை. அது இல்லாவிட்டாலோ, அதன்மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

எங்கள் ஊர்க் கடையில் அட்டையோடு வெயிலில் வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா? (மன்னார்குடி)

வேண்டாம். நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும்போதே ஒரு சூட்டைத் தாங்கித்தான் வந்திருக்கும். வாசலில் இரண்டாவது சூடு எதற்கு? ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை வேறு. காகித அட்டை ஈரம் பிடித்துப் பூஞ்சை பூக்கும். அட்டையின் அடியைத் தொட்டுப் பாருங்கள், நமுத்திருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

அறுவடை வயலில் வாத்து மேய்ப்பவர்களிடம் முட்டை வாங்குகிறோம். கழுவித்தான் தருகிறார்கள். பாதுகாப்பானதா? (வலங்கைமான்)

கழுவித் தருவதுதான் எனக்கு உறுத்துகிறது. குறுவை அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் தின்ற வாத்துகள் பட்டிக்குள்ளேயே, சேறும் எச்சமும் கலந்த தரையில் முட்டையிடும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியபடி மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று இருக்கும். வாளித் தண்ணீரில் ஒட்டுமொத்தமாக முக்கித் தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும், அழுக்குத் தண்ணீர் துளை வழியே உள்ளே இறங்கவும் வழி கிடைக்கும். கழுவாததைக் கேட்டு வாங்கி, உலர்ந்த துணியால் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். சால்மோனெல்லா கிருமி வாத்து முட்டையில் பழைய தொல்லை. எனவே ஹாஃப்பாயில் ஆசையை விட்டுவிட்டு, மஞ்சள் கரு முழுக்கக் கெட்டியாகும்வரை அவித்துச் சாப்பிடுங்கள்.

சரி, கோழி முட்டைக்கு ஹாஃப்பாயில் போடலாமா என்று அடுத்த கடிதம் வரும். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதும் இந்தக் கிருமிக்குப் பயந்துதான்.

பழுப்பு ஓடு என்றால் நாட்டுக்கோழி முட்டைதானே? விலை இரண்டு மடங்கு சொல்கிறார்கள். (மயிலாடுதுறை)

இல்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் ஏராளம். மஞ்சள் கருவின் அடர்த்தியான நிறம் மக்காச்சோளமும் கீரையும் தந்தது. கோழி மேயும் வீட்டைத் தெரிந்துகொண்டு வாங்கினால் அந்த விலை கொடுக்கலாம்.

தண்ணீரில் மிதந்தால் கெட்டது என்கிறார்களே? (தஞ்சாவூர்)

நாள்பட நாள்பட உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் வழியே வெளியேறி, காற்றறை பெரிதாகும்; அதனால்தான் மிதக்கிறது. படுத்திருந்தால் புதியது. செங்குத்தாக நின்றால் பழையது; உடைத்து முகர்ந்து, நாற்றம் இல்லையென்றால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மிதந்ததைக் கொட்டிவிடுங்கள். நனைத்த முட்டையை மறுபடி அட்டையில் அடுக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

கேக் டப்பாவில் பழுப்பு முக்கோணம். இறைச்சி கலந்திருக்குமோ? (திருவையாறு)

முட்டை சேர்ந்தாலே சட்டப்படி அசைவக் குறிதான். அசைவப் பொருள் முட்டை மட்டும்தான் என்றால் தயாரிப்பாளர் அதைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். சேர்பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.